டிஸ்க் பிரேக்கும் புளியங்கட்டையும்

பழவேற்காட்டிலிருந்து சோழவரம் வரைக்கும் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும், செல்லியம்மாள் பேச்சு வந்தால் டிஸ்க் பிரேக் பேச்சும் வந்துவிடும். "அந்தக் காலத்துலயே மீன் லாரிக்கு டிஸ்க் போட்ட பொம்பளைப்பா" என்பார்கள். மெக்கானிக் சின்னதுரை பேரைச் சொல்வார்கள். டிரைவர் கோபால் பேரையும் சொல்வார்கள். மணவாளன் பேரை ஒருத்தனும் சொல்ல மாட்டான். மணவாளனுக்கு இது வருஷக்கணக்கான ஆத்திரம். அந்த லாரியை அத்தனை காலம் நிறுத்தியது பிரேக்கா? அவன். அவனும் அவனுடைய புளியங்கட்டையும்.

செல்லியம்மாள் லாரி வாங்கியதே கோபத்தில்தான். தலைக்கூடை வியாபாரம் செய்துகொண்டிருந்தவள். ஒருநாள் பொன்னேரி பஸ் கண்டக்டர், மீன் நாற்றம் என்று கூடையோடு அவளை நடுரோட்டில் இறக்கிவிட்டான். "நாறுதா? இரு, உன் பஸ்ஸுக்கு முன்னாடியே நாறிக்கினு போறேன்" என்றாள். காதில் கழுத்தில் கிடந்ததை விற்று, யுத்த காலத்து மிலிட்டரி லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தாள். அப்புறம் தினமும் அந்த பஸ்ஸுக்கு முன்னால்தான் அவள் லாரி போகும். பின்னால் ஹாரன் அடித்தால் கோபாலிடம், "மெதுவா போ நைனா, இன்னா அவசரம்?" என்பாள்.

மெதுவாகப் போவதற்கு அந்த லாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிற்பதுதான் வராது. ஐஸ் உருகி உப்புத்தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சக்கரத்துக்குள் இறங்கி, பிரேக் டிரம் ஊறிக் கிடக்கும். கோபால் பிள்ளையார் கோயிலில் மிதித்தால் சோடாக்கடை தாண்டித்தான் வண்டி தயங்கும். அப்போது "கட்டை!" என்று கத்துவான். பின்பலகையில் தொங்கிக்கொண்டு வரும் மணவாளன் குதித்து ஓடி, சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுவான். வண்டி கட்டைமேல் பாதி ஏறி, யோசித்து, இறங்கி நிற்கும். ஹேண்ட் பிரேக் என்று ஒரு பிடி இருந்தது. செல்லியம்மாள் அதில் வெற்றிலைப் பையை மாட்டியிருந்தாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் சோழவரத்தில் கார் ரேஸ். கூட்டம் வருமென்று செல்லியம்மாள் வறுத்த மீன் விற்கப் போனாள். விற்றது குறைவு, வாயைப் பிளந்தது அதிகம். காற்றாக வந்த கார் ஒன்று, குறுக்கே நாய் வந்ததும் ஆணி அடித்த மாதிரி நின்றது. அவள் அடுப்பைக்கூட அணைக்காமல் சின்னதுரையின் பட்டறைக்குப் போனாள்.

"அது நிக்குதே, என்து ஏன் நிக்கலே?"

"யக்கா, உன்து டிரம்மு. மூடி போட்ட அண்டா. தண்ணி பூந்தா உள்ளயே கெடக்கும். அது டிஸ்க்கு. தோசைக்கல்லு மாதிரி தொறந்து கீது. ரெண்டு பக்கமும் கவ்வினா நின்னுடும்."

"அப்ப எனக்கு நாலு தோசைக்கல்லு போடு."

அந்த ரேஸிலேயே ஒரு பெரிய வெளிநாட்டுக் கார் மண்மேட்டில் மோதி அப்பளமாகியிருந்தது. அதன் நாலு டிஸ்க்கையும் சின்னதுரை கழற்றிவந்தான். லாரி அச்சில் அது உட்காரவில்லை. கடைசல் பட்டறையில் நடுவே வைக்க இரும்பு வளையம் கடைந்தான். கவ்வும் இடுக்கியை மாட்ட தண்டவாளத் துண்டை அறுத்துத் துளை போட்டான். ஹேண்ட் பிரேக் பிடியிலிருந்து போன கம்பி பழைய டிரம்முக்குள் போய் முடிந்திருந்தது. டிரம்மே போனபின் கம்பிக்கு என்ன வேலை? அழகாகச் சுருட்டி அடியில் கட்டிவிட்டான். மேலே பிடியில் வெற்றிலைப் பை மட்டும் பழைய இடத்திலேயே தொங்கியது.

மணவாளன் பட்டறை வாசலில் கட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, அப்ப நானு?"

"நீ ஐஸ் ஒடைக்கப் போ."

"கட்டை?"

"அடுப்புல வெய்யி. புளியங்கட்டை நின்னு எரியும்."

மணவாளன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. ஐஸ் எவன் வேண்டுமானாலும் உடைப்பான். ஓடுகிற லாரியிலிருந்து குதித்து அதை நிறுத்த, இந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, லாரி பழவேற்காட்டுக்குப் புறப்பட்டது. பழக்கதோஷத்தில் கோபால் பிள்ளையார் கோயிலிலேயே மிதித்தான். வண்டி பிள்ளையார் கோயிலிலேயே நின்றது. செல்லியம்மாள் நெற்றி கண்ணாடியில் போய் முட்டியது. பின்னாலிருந்த காலிக் கூடைகள் கேபின் மேல் பறந்து ரோட்டில் உருண்டன. சோடாக்கடைக்கு அப்பால் ஏறக் காத்திருந்த மீன்காரிகள், "இன்னாடி, வண்டி செத்துப்பூட்ச்சா?" என்று திட்டிக்கொண்டே திரும்பி ஓடிவந்தார்கள்.

செல்லியம்மாள் நெற்றியில் எலுமிச்சம்பழம் மாதிரி வீக்கம். முகமெல்லாம் சிரிப்பு. "நின்னுச்சுடா! நெனைச்ச எடத்துல நின்னுச்சு!"

படகுத்துறையில் ஊரே கூடியிருந்தது. மீன் ஏற்றுவதற்காக கோபால் வண்டியைச் சரிவில் பின்பக்கமாக இறக்கி நிறுத்தினான். செல்ஃப் எடுக்காத வண்டி, இஞ்சினை அணைத்தால் தள்ளவேண்டும். அதனால் நியூட்ரலில் ஓடவிட்டே கீழே குதித்தான், டிஸ்க்கைக் காட்ட. ஆம்பிளைகள் எல்லாரும் குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார்கள். செல்லியம்மாள் ஊர்க்காரர்கள் போட்ட மாலையோடு கேபினிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அட, பளபளன்னு கீதுபா."

"சுத்துது பாரேன்!"

"காட்றதுக்கு சுத்தி வுட்டுகிறான் போல."

"கோபாலு, நல்லா சுத்துதுபா!"

கோபால் பெருமையாகத் தலையாட்டினான். வண்டி தன்னைத் தாண்டி ஏரிப் பக்கம் போவது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது; மிதித்த காலை எடுத்ததுமே டிஸ்க் பிடியை விட்டிருந்தது.

துறைக்கு ஐஸ் உடைக்க வந்து, டீக்கடை வாசலில் கட்டைமேல் உட்கார்ந்திருந்த மணவாளன் எல்லாருக்கும் முன்னாலேயே அதைப் பார்த்துவிட்டான். அசையவில்லை. தோசைக்கல்லு நிறுத்தட்டுமே என்று டீயை ஒரு மடக்கு குடித்தான்.

கேபினிலிருந்து செல்லியம்மாள் தலையை நீட்டினாள். பக்கத்தில் டிரைவர் இல்லை. ஊர் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கோபாலைக் கூப்பிடவில்லை, சின்னதுரையைக் கூப்பிடவில்லை.

"மணவாளா! கட்டைடா!"

டீ கிளாஸ் எங்கே விழுந்ததென்று அவனுக்குத் தெரியாது. கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பின்சக்கரம் தண்ணீரில் இறங்கியிருந்தது. கட்டையைச் செருகினால் அது மிதந்தது. காலால் அமுக்கி, கையால் திணித்து, வாயால் திட்டி, முட்டு கொடுத்தான். வண்டி கட்டைமேல் பாதி ஏறி, பழைய மாதிரியே யோசித்து, இறங்கி நின்றது. மணவாளன் இடுப்பளவுத் தண்ணீரில், கால் பெருவிரல் நசுங்கி, கட்டையை மிதித்துக்கொண்டு நின்றான்.

செல்லியம்மாள் மாலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். "அறிவு கீதாடா உனக்கு? வண்டிய வுட்டுட்டு டீக்கடையில குந்திக்கினு கீறே! உன் வேலைய யாரு பாக்கறது?"

ஐஸ் பேச்சும் அடுப்புப் பேச்சும் அத்தோடு போயின. மறுநாளிலிருந்து மணவாளன் பழையபடி பின்பலகையில். ஓடும்போது நிறுத்துவது டிஸ்க், நின்றபின் நிறுத்திவைப்பது மணவாளன். ஆனாலும் சந்தையில் அவள் யாரிடமும் கட்டையைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. "டிஸ்க்கு போட்டுகிறேன், டிஸ்க்கு" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டே அவன் கட்டையைச் செருகுவான்.

எழுபத்தெட்டில் அவளுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு அதே லாரியில்தான் கொண்டுபோனார்கள். அங்கே படுத்தவள் அப்புறம் எழுந்திருக்கவில்லை. மணவாளன் பார்க்கப் போன அன்று, தரை கழுவுவதற்காக நர்ஸம்மா அவள் கட்டிலை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தாள். கட்டில் வழுவழு தரையில் இலேசாக நகர்ந்தது. செல்லியம்மாள் கண்ணைத் திறந்தாள். சுற்றி மகன் இருந்தான், மருமகள் இருந்தாள், கோபாலும் இருந்தான். அவள் கண் மணவாளனைத் தேடியது. கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினாள்.

"மணவாளா, இதுக்கும் சக்கரம் வெச்சிகிறானுங்கடா. கட்டை போடு."