முந்திரி ஆலையில் கைரேகை

காலை ஒன்பது பத்துக்கு உள்ளே நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது சுவரில் மாட்டியிருந்த கைரேகை மெஷின். அதற்குச் செவ்வந்தி மாலை போட்டுச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

ஆலங்குடிக்குச் சற்றுத் தள்ளி, முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலை அது. மேலாண்மைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் குழுவாக வந்து அதற்கு ஆலோசனை சொல்லியிருந்தார்கள். சுற்றுச்சூழலும் சமூகப் பொறுப்பும் என்பது தலைப்பு. பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் மதிப்பெண் போட என்னை அழைத்திருந்தது கல்லூரி.

வருகைப் பதிவு நோட்டை ஒழித்துவிட்டுக் கைரேகை வைப்பது என்பதுதான் அவர்களுடைய ஆலோசனை. காகிதம் மிச்சமாகும், மரம் பிழைக்கும். வேலைக்கு வந்தவரை வரவில்லை என்று மேஸ்திரி எழுத முடியாது, தொழிலாளிக்கு நியாயம் கிடைக்கும். பச்சை இலை போட்ட திரையில் இதைக் காட்டிவிட்டு, செயல்விளக்கமாக ஐவரும் தங்கள் பெயரைப் பதிந்து கட்டைவிரலை வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் மெஷின் நன்றி சொன்னது. முதலாளி கைதட்டினார். நெய்யில் வறுத்த முந்திரி வந்தது. நானும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு பெண்களைப் பதிவுக்குக் கூப்பிட்டார்கள். பருப்பைப் பாக்கெட் போடுகிறவர்களுக்குச் சிக்கலில்லை. கொட்டை உடைப்பவர்களில் முதலில் வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். அவர் விரல் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்பு. விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லாமல் வழவழத்துக் கிடந்தன. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் அப்படித்தான் அரிக்கும்.

"ரேஷன் கடையிலயே எனக்கு விழாதுங்க. மகதான் வந்து வைக்கும்" என்றார்.

"ரேகைதானே போச்சு? தலையெழுத்து கெட்டியா இருக்கான்னு பாத்துக்க" என்றார் பின்னால் நின்றவர். வரிசை சிரித்தது.

மாணவர்களின் தலைவனிடம் கேட்டேன். "உடைக்கிறவங்க கையில சோதிச்சுப் பாக்கலையா?"

"டெஸ்ட் பண்ணோம் சார். எங்க அஞ்சு பேருக்கும் ஃபர்ஸ்ட் டைமே எடுத்துச்சு."

"உடைக்கிற கொட்டகைக்குப் போனீங்களா?"

"அங்க புகை சார். மேஸ்திரிகிட்ட இன்டர்வியூ எடுத்துட்டோம்."

சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. கையில் மிச்சமிருந்த முந்திரியைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

அந்தப் பெண் முதலாளியைப் பார்த்தார். "அப்ப நான் உள்ள போகட்டுங்களா, வீட்டுக்குப் போகட்டுங்களா?"

"மெஷின்ல விழலைன்னா வரலைன்னுதாம்மா கணக்கு. நோட்டைத்தான் எடுத்தாச்சே."

ஒரு மாணவி செல்போனில் ஏதோ தேடிவிட்டுக் கனிவாகச் சொன்னாள். "ஆன்ட்டி, கொஞ்ச நாள் கொட்டை உடைக்காம இருங்க. ஸ்கின் வளர்ந்துரும். அப்பறம் வந்து பதிஞ்சுக்கலாம்."

"ஒடைக்காம இருக்குறதுக்கு எதுக்கு ஆயி இந்த மெஷினு?" என்றார் பின்னால் நின்றவர்.

போட்டோவுக்குப் பாக்கெட் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண்ணைக் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னார்கள். கொட்டை உடைப்பவர்களைச் சட்டகத்துக்கு வெளியே ஒதுங்கச் சொன்னார்கள். ரேகை விழாத அந்த முதல் பெண் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

கிளம்பும்போது மெஷினின் திரையைப் பார்த்தேன். அன்று வேலைக்கு வந்தவர்கள் பட்டியலில் முதல் ஐந்து பெயர்களும் மாணவர்களுடையவை.