இரண்டு இஞ்ச் விட்டுத் தைத்த கார்

கார் பானெட்டின் குறுக்கே டெய்லர் தையல் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்கிறார். அதிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளி இன்னொரு கோடு. வாயில் நான்கு திருகாணிகள். காலமெல்லாம் குண்டூசி கவ்விய உதடுகள் ஆகையால் நான்கும் வரிசை கலையாமல் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னாலிருந்து "ம்ம்ம், ம்ம் ம்ம்?" என்று கேட்கிறார். சமையலறையிலிருந்து மனைவி, "பச்சை டப்பாவுல பாருங்க, நட்டெல்லாம் அங்கதான் கெடக்கு" என்கிறார். அந்தம்மாவுக்கு இந்த மொழி முழுசாகத் தெரியும். மூன்று திருகாணி என்றால் கோபம், நான்கு என்றால் சந்தோஷம் என்பது வரைக்கும் தெரியும்.

ஊரில் அவரை 'ரெண்டு இஞ்ச்' என்றால்தான் தெரியும். நாற்பத்தொரு வருடம் பள்ளிச் சீருடை தைத்தவர். "வளர்ற புள்ள" என்பது அவருடைய ஒரே சித்தாந்தம். இடுப்பில் இரண்டு இஞ்ச், நீளத்தில் இரண்டு இஞ்ச், தோளில் இரண்டு இஞ்ச் கூட்டி வெட்டுவார். அவர் எதிர்பார்த்த வேகத்தில் எந்தப் பிள்ளையும் வளர்ந்ததில்லை. அதன் விளைவை இன்றும் பார்க்கலாம். இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்க்காரர் எவரும் கொஞ்சம் பதற்றமானால் இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். பெல்ட் போட்டிருந்தாலும் பிடித்துக்கொள்வார். நானும்தான்.

கடையை மூடிய வருடம் ஒரு பள்ளியில் பழைய கொட்டகையை இடித்தார்கள். உள்ளே ஒரு சின்னக் கார், முட்டையை நெடுக்காக அரிந்து கவிழ்த்து வைத்தாற்போல. கதவு இரண்டு, மேலே மடக்குகிற துணிக்கூரை. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். இவர் கூரையைத் தொட்டுப் பார்த்தார். "துணி இருக்குல்ல, மிச்சத்தப் பாத்துக்கலாம்" என்று சொல்லி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். மிச்சம் என்று அவர் சொன்னது எஞ்சின், பிரேக், சக்கரம், விளக்கு, இருக்கை, தரை ஆகியவற்றை.

ஒன்பது வருடமாக வீட்டின் பக்கவாட்டு ஷெட்டில் அந்தக் கார் நிற்கிறது. அதன் முன்சீட் வர வேண்டிய இடத்தில் ஐந்து வருடம் தையல் மிஷின் இருந்தது. காரின் உறுப்புகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் வேறு. கதவு என்பது கை. பம்பர் பெல்ட்டு. டிக்கி பின்பாக்கெட். சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு அக்குள். ஒருமுறை மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டு, "இடது அக்குள்ல எண்ணெ ஒழுகுதுப்பா, நேத்துலேர்ந்து நிக்கல" என்றார். மெக்கானிக் பதறிப்போய், "ஐயா, மொதல்ல வீட்டுல யாரையாவது துணைக்குக் கூப்புடுங்க" என்றாராம்.

வேலை எந்த அளவில் இருக்கிறது என்று யார் கேட்டாலும், "எல்லாம் முடிஞ்சுது, காஜா மட்டும்தான் பாக்கி" என்பார். எஞ்சின் தரையில் கிடந்தபோதும் இதையே சொன்னார். கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தவர் அவர் மனைவிதான். "நாப்பது வருஷத்துல என் காஜா என்னைக்குங்க பாக்கி நின்னுது? நீங்க தைக்காம வெச்சிட்டு, கேக்குறவங்ககிட்ட என்னைக் காட்டிக் குடுத்தீங்க. இப்போ காருக்குமா?" என்று அந்தம்மா வெடிப்பார். அவர் உடனே ஒரு திருகாணியை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார்.

அந்தம்மா கேட்டது ஒன்றே ஒன்று. கடல் வரைக்கும் ஒருமுறை போய்வர வேண்டும். ஒரு மணி நேரப் பயணம்தான். பள்ளி திறக்கும் பருவம், மூடும் பருவம், நடுவில் பிள்ளைகள் கிழித்துக்கொண்டு வரும் பருவம் என்று வாழ்நாள் பூராவும் தள்ளிப்போய்விட்டது. கார் வந்த அன்றே ஒரு பையில் போர்வையும் பிளாஸ்க்கும் எடுத்து வைத்துவிட்டார். அந்தப் பை ஷெட்டு ஆணியில் ஒன்பது வருடமாகத் தொங்கியது. பிளாஸ்க்கின் தக்கை காய்ந்து சுருங்கிவிட்டது. அந்த வீட்டில் காலப்போக்கில் சின்னதான ஒரே பொருள் அதுதான்.

கார் தெருவில் ஓட வேண்டுமானால் வாகன ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் வண்டியின் எண் ரத்தாகும். அப்புறம் காயலான் கடைதான். முதல் வாய்ப்பில் பிரேக் பிடித்தது, ஆனால் இரண்டு வீடு தள்ளிப் பிடித்தது. பிரேக் கம்பியை இரண்டு இஞ்ச் நீளமாக விட்டிருந்தார். இரண்டாம் வாய்ப்பில் கதவின் ரப்பர் இரண்டு இஞ்ச் கூடுதல். வளைவில் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஆய்வாளரின் ஒரு செருப்பும் கோப்பும் தெருவில் இறங்கிவிட்டன. இரண்டையும் அளவாக வெட்டி மாட்டியது மெக்கானிக்தான். அந்த நேரத்தில் இவர் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

போன வாரம் மூன்றாம் வாய்ப்பு, இந்த முறை ஆய்வாளர் அலுவலகத்து மைதானத்தில். பின்சீட்டில் கனத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னை ஏற்றிக்கொண்டார். "தம்பி, நீ ஒண்ணும் பேச வேணாம். கனமா இருந்தா போதும்." அந்தம்மா ஆய்வு மைதானத்தின் ஓரத்தில் பையோடு, காபி ஊற்றிய பிளாஸ்க்கைச் சாயாமல் பிடித்தபடி நின்றார்.

அவர் கார் ஓட்டுவதும் தையல் முறைதான். நேர்கோட்டில் சீராகப் போவார். வளைவு வந்தால் நிறுத்தி, காலை எடுத்து, ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி, அப்புறம் மறுபடி மிதிப்பார், சட்டைக் காலரின் முனையில் துணியைத் திருப்புகிற மாதிரி. ஆய்வாளர் முன்சீட்டில் கோப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பள்ளிப்பை வாரில் இவரே தைத்த சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்து, ஒரு டிக் அடித்தார். பிரேக், டிக். கதவு, டிக். நான் கனமாக மூச்சு விட்டேன்.

நேர்கோட்டில் வேகம் கூடியது. கூரை எழுந்தது. முதலில் ஒரு சின்ன மூச்சு, பிறகு பெரிய மூச்சு, பிறகு எங்கள் தலைக்கு மேல் ஒரு நிறைமாத வயிறு. பின்பக்கம் உபரியாக இருந்த துணி படபடவென்று அடித்துக்கொண்டு கண்ணாடியை மறைத்தது. ஓரத்தில் நின்ற அந்தம்மா தலையில் கை வைப்பது மட்டும் பக்கவாட்டில் தெரிந்தது.

வண்டி நின்றது. ஆய்வாளர் இறங்கி, கூரையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "எவ்ளோ விட்டிருக்கீங்க?"

"ரெண்டு இஞ்ச் சார்."

"எதுக்கு?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பழக்கதோஷத்தில் ஆய்வாளரின் இடுப்பைப் பார்த்தார். முகங்களை அவர் மறந்துவிடுவார், இடுப்பை மறந்ததில்லை. "ஆறாங்கிளாஸ்ல இருபத்திரண்டு. காக்கி டவுசர். சரிதானே சார்?"

ஆய்வாளரின் இடது கை இடுப்புக்குப் போய்விட்டது. "ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் அதே டவுசர்தான் டெய்லரே. ஓட்டப்பந்தயத்துல ஒத்தக் கைய வீசி ஓடினேன். மூணாவதா வந்தேன். ரெண்டு கையும் என்கிட்ட இருந்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்." பிறகு அவர் பேனாவைத் திறந்தார். "இப்ப, என் கண்ணு முன்னால, அந்த ரெண்டு இஞ்ச்ச வெட்டுங்க. கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா ரத்துன்னு எழுதிட்டுப் போயிட்டே இருப்பேன்."

கத்தரிக்கோல் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். எடுத்தார். வைத்தார். "வெட்டினது வெட்டினதுதான் சார். நாளைக்கு வளந்துட்டா எங்கேர்ந்து குடுப்பேன்?"

அந்தம்மா மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். "ஏங்க, அதுக்கு அம்பத்தினாலு வயசு. வளர வேண்டியதெல்லாம் வளந்து, துருவும் புடிச்சாச்சு."

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த பிளாஸ்க்குல சூடு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும், அது மட்டும் தெரியும்." பிளாஸ்க்கைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

அவர் பிளாஸ்க்கைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். கண் முன்னால் வெட்டச் சொன்ன ஆய்வாளரே முதல் ஆளாகத் திரும்பினார். நாங்கள் மூவரும் மைதானத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றோம். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கத்தரிக்கோல் துணியில் போகும் சத்தம், கறுக் கறுக்கென்று, நடுவில் ஒரு முறை நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, மறுபடி.

சுற்றிவந்து பார்த்த ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். போடும்போது இரண்டு கைகளும் காகிதத்தின் மேல் இருந்தன.

வெட்டிய துணி நீளமாக, ஒரு நாடா போல அவர் கையில் தொங்கியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அந்தம்மா அதை வாங்கி, சுருங்கிய தக்கையைச் சுற்றி ஐந்தாறு சுற்றுச் சுற்றி, பிளாஸ்க்கின் வாயில் அழுத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. கவிழ்த்தும் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"பாத்தியா? மிச்சம் வெச்சிருந்ததாலதான் ஆச்சு" என்றார் அவர், சட்டென்று பழைய தெம்போடு.

"ஆமா, ஒம்பது வருஷமா பிளாஸ்க்குக்குதான் தெச்சீங்க. வண்டிய எடுங்க."

என்னை இறக்கிவிட்டார்கள். கடலுக்குக் கனம் வேண்டாமாம். அந்தம்மா முன்சீட்டில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் குனிந்து, பள்ளிப்பை வாரை அந்தம்மாவின் இடுப்பைச் சுற்றி இழுத்து, ஆய்வாளர் பார்க்கும்படியாக இறுக்கமாக மாட்டினார். ஆய்வாளர் தலையாட்டிவிட்டு அலுவலகத்துக்குள் போனார்.

அலுவலகக் கதவு சாத்தும் வரை காத்திருந்தவர், வாருக்கும் மனைவியின் இடுப்புக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கொக்கியைத் தளர்த்தி, இரண்டு இஞ்ச் விட்டார்.