நான் நிமிர்த்திய சுண்டுவிரல்

நல்லவேளை, அந்தப் பெண் என் பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்கு ஒரு பெருமூச்சு வருகிறது.

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டிராயிங் டீச்சர். எனக்குக் கை சும்மா இருக்காது. பிள்ளைகள் படத்தைக் காட்டினால் தப்பை வாயால் சொல்லிக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. பென்சிலைப் பிடுங்கி, அவர்கள் கோட்டின் மேலேயே என் கோட்டைப் போட்டுத் திருத்திவிடுவேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். டிராயிங் டீச்சர் கூட்டத்துக்கே உள்ள வியாதி அது.

அந்தப் பெண் என்னிடம் படித்து முடித்துப்போனவள். அவளும் அம்மாவும் சுக்குக் குடோனில் தரம் பிரிக்கும் வேலை செய்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்து தங்கிய குடும்பம். சனிக்கிழமைகளில் முடியெல்லாம் சுக்குத் தூசியோடு என் வீட்டுக்கு வந்து வரைவாள். திருவனந்தபுரம் ஓவியக் கல்லூரிக்கு மனுப் போட வைத்ததும் நான்தான். அவள் அப்பா ஒரே ஒரு தடவைதான் சம்மதித்தார். கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் காலம் முழுக்கக் குடோன், அதற்கப்புறம் பேச்சே எடுக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

நேர்முகத்துக்குப் பத்துப் படம் கொண்டுபோக வேண்டும். படகேறி எர்ணாகுளம் போய்த் தடித்த தாளாகப் பார்த்து நானே வாங்கிவந்தேன். அவள் பத்திலும் அம்மாவையே வரைந்திருந்தாள். சுக்குக் குவியல் முன்னால் உட்கார்ந்த அம்மா, முறம் பிடித்த அம்மா, சாயா குடிக்கிற அம்மா. எல்லாம் அருமை. ஆனால் எல்லாவற்றிலும் இடதுகைச் சுண்டுவிரல் கோணிக்கொண்டு நின்றது.

"என்னடீ இது, விரலா முருங்கைக்காயா?"

"டீச்சரே, அந்த விரல் அப்படித்தான்..."

"போடத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. சாக்குச் சொல்லாதே!"

ரப்பரை எடுத்தேன். பத்துப் படத்திலும் சுண்டுவிரலை நிமிர்த்தினேன். கை வைத்ததுதான் வைத்தோம் என்று தோளையும் கழுத்தையும் கொஞ்சம் சீராக்கினேன். அவள் தாள்களைச் சுருட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

அவளும் அப்பாவும் ரயிலேறிய மறுநாள், பள்ளிக்கூடச் சுவரில் என் பிள்ளைகளின் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் வந்து நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஒரே குட்டி வரைஞ்சதா?"

முப்பது பிள்ளைகள் வரைந்தவை அவை. திரும்பிப் பார்த்தேன். முப்பது படத்திலும் ஒரே மூக்கு, ஒரே கை, என் கோடு. கணக்கு டீச்சருக்கே தெரிகிறது என்றால் கல்லூரிக்காரர்களுக்குத் தெரியாதா? வேறு ஆள் வரைந்த படத்தைக் கொண்டுவந்தாயா என்று அந்தப் பெண்ணை விரட்டிவிடுவார்களே! பாவி, ஆசை காட்டி அனுப்பியதும் நான், கெடுத்ததும் நானே.

கூப்பிட்டுச் சொல்ல அவர்களிடம் போன் ஏது? நான்கு நாள் சோறு இறங்கவில்லை. வகுப்பில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை காலை அம்மாவும் பெண்ணுமாக வந்தார்கள். படியேறும்போதே பெண் கத்தினாள்.

"கிட்டியாச்சு டீச்சரே! சீட்டு கிட்டியாச்சு!"

"அப்பாடா! என் வயித்துல பாலை வார்த்தேடி" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன். "படத்தைப் பார்த்து ஒண்ணும் சொல்லலையா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "திட்டாதீங்க டீச்சரே. வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் தாளுக்குப் பின்னாடி திரும்ப வரைஞ்சேன். வேற தாள் கேக்கப் பயம். அதைத்தான் காட்டினேன்."

"முன்பக்கத்தை யாரும் பார்க்கலையே?"

"ஒரு சார் திருப்பிப் பார்த்தாரு. இது யாரு வரைஞ்சதுன்னு கேட்டாரு. எங்க டீச்சர்னு சொன்னேன். உங்க டீச்சர் நல்லா வரையறாங்க, ஆனா பாக்கறதில்லைன்னு சொன்னாரு."

எனக்குச் சுருக்கென்றது. நானா பார்ப்பதில்லை? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று ஊரெல்லாம் பெயர் எனக்கு! பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அம்மா முந்தானையிலிருந்து இடதுகையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சுண்டுவிரல் பாதியில் மடங்கி வெளிப்பக்கம் கோணியிருந்தது.

"சின்ன வயசுல குடோன் கதவுல மாட்டினது டீச்சர். நிமிராது."

பள்ளி விழாக்களில், கடைத்தெருவில், என் வீட்டு வாசலில் என்று ஆறு வருஷமாக நான் பார்த்த கை அது. பெண்ணைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள், போக்கிரி.

சாயா போட எழுந்தேன். அந்த அம்மா கையை மறுபடி முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளப் போனாள்.

"எடுக்காதே, கொஞ்சம் அப்படியே வை" என்றேன். என் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த விரலை முதல் தடவையாகப் பார்த்தேன்.