உங்க ஊர் ஆள்

எழுத நான் யார் என்று முதலில் என்னையே கேட்டுக்கொண்டேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டுக்கு நாலு பேர் வந்தால் சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டே நிற்கிற ஆள் நான். மன்னித்துவிடுங்கள். நேரில் என்றால் இதில் கால்வாசிகூட வாயிலிருந்து வந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் காரணம், இந்த ஸ்கூடாய் நகரத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் மதுரைப் பெண். கல்யாணமாகிக் கடல்தாண்டி வந்தவள். அவளுடைய அம்மாவும் கூடவே இருக்கிறார், கைப்பேசிக்குள். பருப்பு டப்பாவில் சாய்த்துவைத்த அந்த அம்மா, "உப்புப் போட்டியாடி?" என்று மதுரையிலிருந்தே கேட்கிறார். நேற்று அவள் தாளித்த பெருங்காய வாசனை சுவரேறி வந்தது. பின்னாலேயே அவள் தலையும் வந்தது.

"ஆன்ட்டி, உங்க காலத்துல ஊர் ஞாபகம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என் காலம்" என்றதற்கு அவளைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. வாசனையும் சரியான வாசனை. ஏனென்றால் ஊர் ஞாபகத்துக்கு என் மாமியார் செய்த முதல் வைத்தியமே பெருங்காயம்தான்.

நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்து இறங்கியது இங்கே சாஆ என்ற சிற்றூரில். சுற்றிலும் செம்பனை, காற்று திரும்பினால் எண்ணெய் ஆலையின் புளித்த வாடை. என் வீட்டுக்காரர் அங்கே வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வந்த வாரத்திலிருந்தே நான் சோற்றைப் பிசைவேன், அழுவேன், எழுந்துவிடுவேன். ஏக்கம் வயிற்றில்தான் தங்கும் என்று ஒரு கட்சி சொன்னது. உடனே மாமியார் பெருங்காயத்தைக் கரைத்து, கைக்குழந்தைக்குத் தடவுவதுபோல என் தொப்புளைச் சுற்றித் தடவினார். ஏக்கம் போகவில்லை. நான்தான் சாம்பார் மாதிரி மணந்தேன். இன்னொரு கட்சி வந்து கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனது.

பார்க்க வந்தவர்களில் ஒருவரும் இந்தியாவைப் பார்த்ததில்லை. ஆனால் ஊரைப் பற்றி என்னைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருந்தது. ஆறு, தென்னந்தோப்பு, கோயில் மணி என்று சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விட்டார்கள். "எங்க தாத்தா சேலம். கருப்பன்னு பேரு. ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே?" என்று ஒரு கிழவர் கேட்டார். பாவமாக இருந்தது, கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். எனக்கோ ஆறும் தெரியாது, தோப்பும் தெரியாது. எங்கள் வீடு அச்சகத்துக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் இருந்தது. நான் ஏங்கியது தண்ணீர் லாரி வரும்போது நடக்கும் குடச் சண்டைக்கு. அம்மா அதில் கெட்டிக்காரி. இதைச் சொன்னால் அவர்கள் மனசு உடைந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் மாமியார் ஒரு முடிவுக்கு வந்தார். "ஸ்கூடாய்ல ஒரு ரொட்டிக் கடையில உங்க ஊரு ஆளு ஒருத்தன் இருக்கானாம். அவன்கிட்ட பேசியும் நீ அழுதீன்னா, டிக்கெட் போட்டு அம்மா வீட்டுக்கே அனுப்பிடறேன். நெசமாத்தான் சொல்றேன்."

நெசமாகத்தான் சொன்னார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அழுவது ஒன்றுதானே எனக்கு வரும்! ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு, பெண் பார்க்கப் போவதுபோல வேன் நிறையச் சனத்தோடு ஸ்கூடாய் போனோம்.

அவர் பெயர் காதர். கல்லில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவரை மாமியார் கையைப் பிடித்து இழுத்துவந்து என் எதிரே உட்காரவைத்தார்.

"தம்பி, இது ஒங்க ஊரு பொண்ணு. பேசு."

"எந்த ஊரு தங்கச்சி?"

"திருச்சி."

"நான் தொண்டி."

அதோடு பேச்சு முடிந்தது. எங்களைச் சுற்றி நின்ற சனம், குழந்தை முதல் வார்த்தை பேசக் காத்திருப்பதுபோல வாயைப் பார்த்தது.

"என்னா ரெண்டு பேரும் கல்லு மாதிரி? ஊருக் கதைய பேசுங்க லா!"

"விடுங்கம்மா. இந்தியா ரொம்பப் பெருசு" என்றார் என் வீட்டுக்காரர்.

"எவ்ளோ பெருசா இருந்தா என்னா? ஒரே ஊருதானே!"

நான் தலையைக் குனிந்து, அழுகையைக் கண்வரை கொண்டுவந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் போதும். அப்போது காதர் மெதுவாகக் கேட்டார்.

"வர்றப்ப உங்க ஊரு பஸ் ஸ்டாண்டுலதான் ஒரு பகல் பூரா கெடந்தேன். ஒரு செவுரு இருக்குமே தங்கச்சி, எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவாங்களே. அது இன்னும் நாறுதா?"

"நாறுது" என்றேன்.

அவர் கண் நிறைந்துவிட்டது. "நாறட்டும். நல்லா இருக்கட்டும்" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. குடித்த மைலோ மூக்கு வழியாக வரும்படி சிரித்தேன். காதரும் சிரித்தார். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

"அலாமாக், சிரிச்சிட்டா!" என்று மாமியார் கையைத் தட்டினார். "சரியாப் போச்சு. டிக்கெட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். தம்பி, ரொட்டி கட்டிக் குடு. போலாம்."

திரும்பும் வழியெல்லாம் அழுது பார்த்தேன். மூச்சுதான் வாங்கியது, கண்ணீர் வரவில்லை. அம்மாவை நான் அடுத்துப் பார்த்தபோது என் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

காதர் ஊருக்குப் போய்விட்டார். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்கூடாயில் இன்று தெருவுக்குத் தெரு எங்கள் ஊர் ஆட்கள். மின்தூக்கியில் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். எந்த ஊர் என்று ஒருவரும் கேட்பதில்லை. மருமகள் அழுகிறாள் என்று வேன் நிறையச் சனத்தை ஏற்றிக்கொண்டு, ஒரு நாட்டையே ஒரு தெருவாக நினைத்து ஆள் தேடிப்போகிற மாமியார்கள் தீர்ந்துபோனார்கள். சேலத்துக் கருப்பனைத் தெரியுமா என்று கேட்கவும் இப்போது ஆள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் மாமியார் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைக் காலி செய்து, அதில் தீபாவளிக்குப் போடும் திரைச்சீலைகளை அடுக்கி, பரண்மேல் ஏற்றிவிட்டார்.