டொக்டரின் கைகள்

எனக்குக் குடலிறக்க ஒப்பரேஷனுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, பள்ளிக்கூடப் புரொஜெக்ட் என்று சொல்லி மகள் என்னை மியூசியமாக வைத்திருக்கிற ஒரு பழைய அறுவைக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் ஏழைகளை மயக்க மருந்தில்லாமல் அறுத்த இடம். நடுவில் ஒரு மரமேசை. அதன் கீழே இரத்தம் வடிய மரத்தூள் பெட்டி. அந்தக் காலத்து டொக்டர்மார் கை கழுவாமலே அறுத்தார்களாம். இரத்தம் காய்ந்து விறைத்த கோட்டைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிந்தார்களாம். கத்திக்குத் தப்பியவர்கள்கூடப் பிறகு காயம் சீழ்பிடித்துச் செத்தார்கள் என்று அங்கே விளக்கம் சொன்ன பெண் சிரித்தபடி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒப்பரேஷன் நாளன்று என் டொக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். போனை அணைத்துப் பொக்கெற்றுக்குள் போட்ட அதே கையால் என் வயிற்றை அழுத்திப் பார்த்து, அறுக்கிற இடத்தில் பேனையால் அம்புக்குறி போட்டார். அவர் கை கழுவினதை நான் காணவில்லை. 'கை கழுவினோமா என்று எங்களைத் தயங்காமல் கேளுங்கள்' என்று ஆஸ்பத்திரிக்காரர் எதிர்ச்சுவரில் தமிழிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"கேக்கட்டே?" என்று பக்கத்தில் இருந்த மனைவியிடம் மெல்லக் கேட்டேன்.

"உங்களுக்கென்ன விசரே? படிச்ச மனுசனை அப்பிடிக் கேக்கலாமோ? பேசாமல் கிடவுங்கோ."

ஏதாவது கேட்க வேண்டுமா என்று டொக்டரே ஆங்கிலத்தில் விசாரித்தார். இல்லை என்றேன். நன்றி வேறு சொன்னேன்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த மரமேசை கண்ணுக்குள் வந்து நின்றது. அதில் கிடந்தவர்களும் நன்றி சொல்லித்தான் படுத்திருப்பார்கள்.