வெண்கலத்தில் ஒரு கைநாட்டு

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது மூன்று, என் அக்காள் செத்தபின் அவள் மகனையும் சேர்த்து வளர்த்தது நான்கு. முந்திரிக்கொட்டை உடைத்துத்தான் வளர்த்தேன். எங்கள் மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்போம். கொட்டைத் தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு. பட்ட இடம் வெந்து உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்போம். என் விரல் ரேகையெல்லாம் அங்கேயே போயிற்று. யாரும் அதைத் தேடவில்லை.

தேடியது போன வருஷம், வளைகுடாவில், அஜ்மானில். அங்கே நர்ஸாக இருக்கும் என் இளைய மகள் என்னைத் தன்னோடு வைத்துக்கொள்ள விசா எடுத்தாள். அடையாள அட்டைக்கு விரல் பதியப் போனோம். கண்ணாடி மேல் வைத்தால் மெஷினில் ஒன்றும் விழவில்லை. துடைத்து வைத்தேன், அழுத்தி வைத்தேன். அங்கிருந்த பெண் என் விரலைப் பிடித்து வைத்தும் பார்த்தாள். "மாஃபி" என்றாள். இல்லை என்று அர்த்தம்.

"கையெழுத்துப் போடுதேன்னு சொல்லு மக்ளே" என்றேன்.

"அம்மா, கையெழுத்தை இங்க யாரும் கேக்கல. விரல்தான் வேணும். விழலன்னா அட்டை கிடையாது."

அண்டி ஆபீஸில் சம்பளத்தன்று கணக்கப்பிள்ளை மை டப்பாவைத் தள்ளிவிட்டு, "கைநாட்டுங்க எல்லாம் இந்தப் பக்கம்" என்பார். அந்தச் சொல்லுக்காகவே மூத்தவன் சிலேட்டில் என் பெயரில் தொடங்கி மற்ற எழுத்துகளையும் எழுதிப் பழகினேன். பிறகு யாருக்கும் கட்டைவிரல் கொடுத்ததில்லை. வயசான காலத்தில் அதையே கேட்கிறார்கள், கொடுத்தாலும் விழவில்லை.

தினமும் கிரீம் தேய்த்து அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். நான் வரமாட்டேன், ஊருக்கு டிக்கெட் போடு என்றேன்.

"போடுதேன். அங்க உன்னைப் பாக்க யாரு இருக்கா?" என்றாள் மகள். மற்ற பிள்ளைகளும் ஊரில் இல்லை.

அந்த வாரம் பேத்திக்கு ஒரு சிலையைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்கு எழுத வேண்டியிருந்தது. ஷார்ஜாவில் ஜெர்மன் சிலைகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மகளுக்கு டூட்டி. நான் துணைக்குப் போனேன்.

முழங்கால் உயரத்தில் ஒரு வெண்கலப் பெண், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். செய்து நூறு வருஷத்துக்கு மேலாகிறதாம். இடுப்பை ஒரு பக்கம் திருகி நின்றாள். துணி பிழிகிறவள் அப்படித்தான் நிற்பாள். செய்தவன் பார்த்துத்தான் செய்திருக்கிறான். அங்கே விளக்கம் சொல்லும் பெண் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

"அம்மச்சி, இதைச் செஞ்ச ஆளோட கட்டைவிரல் இதுல இருக்காம்" என்றாள் பேத்தி.

"வெட்டியா வச்சிருக்கு?"

"ஐயோ அம்மச்சி, தம்ப் பிரிண்ட்!" தன் விரலை என் கையில் அழுத்திக் காட்டினாள்.

"கைநாட்டா?"

"அப்படித்தான் நினைக்கேன்."

முதலில் மெழுகில் செய்வார்களாம். மெழுகில் பட்டதெல்லாம் வெண்கலத்திலும் வந்துவிடுமாம். சிலையின் காலடியில் செய்தவன் பெயர் இருந்தது. பின்பக்கம் ஒரு கட்டைவிரல் பள்ளம், வரிவரியாக. அவன் பெயரைப் பொறித்து விற்ற போலிகள் நிறைய உண்டாம். இந்த விரலை வைத்துத்தான் இது அவன் கைபட்டது என்று நம்புகிறார்களாம்.

"படிப்பறியாதவனான்னு கேளு" என்றேன்.

"இல்லியாம் அம்மச்சி. பெரிய காலேஜ்ல சொல்லிக்குடுத்தவராம்."

"பின்னே எதுக்குக் கைநாட்டு வச்சான்?"

பேத்தி கேட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். வேண்டுமென்று வைத்தது இல்லையாம். மெழுகை அழுத்திப் பிடித்தபோது விழுந்திருக்கும், வேலையில் விழுந்தது என்றாளாம்.

பஸ்ஸில் வரும்போது என் விரலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவனுக்கு வேலையில் விழுந்திருக்கிறது. எனக்கு வேலையில் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கிரீம் எங்கே என்று கேட்டேன். மகள் டிக்கெட் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் போய் ஒவ்வொரு விரலாக வைத்தேன். கடைசியில் இடது சுண்டுவிரல் விழுந்தது. கொட்டை உடைக்கும்போது எட்டியே நிற்கும் விரல் அது.

"இவன் ஒருத்தன்தான் வேலை செய்யாம ஏமாத்தியிருக்கான்" என்றேன். மகள் சிரித்துவிட்டாள். மெஷின்காரப் பெண்ணும் "கலாஸ்" என்று கையைத் தட்டினாள். முடிந்தது என்று அர்த்தம். அட்டை வந்தது. இங்கேயே இருக்கிறேன்.

இதை நானே எழுத்துக்கூட்டி எழுதினேன். அடியில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் மை தொட்டுக் கட்டைவிரலும் வைத்திருக்கிறேன். வரி ஒன்றும் விழவில்லை. ஆனாலும் நாலு பிள்ளைகளை ஆளாக்கிய கையின் அடையாளம் அதுதான். கைநாட்டு என்று இனி யார் சொன்னாலும் எனக்கு உறைக்காது.

மக்ளே, இதை உன் மகளுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. மெதுவா வாசி. கடைசியில ஒரு மைக்கறை இருக்கும், அதை விட்டுராதே.