ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இருந்த பதினைந்து நிமிடம்

காலை 6.40, தஞ்சாவூர். முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அன்று நடந்த அத்தனை கூத்துக்கும் என் வாய்க்கொழுப்புதான் காரணம். ஜமால் என்னோடு கல்லூரியில் படித்தவன், முத்துப்பேட்டைக்காரன், பதினோரு வருஷமாகத் துபாயில் வேலை. வாப்பாவின் ஆபரேஷனுக்காக வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செல்லாது, அன்று இரவுக்குள் அங்கே போய் இறங்காவிட்டால் வேலையும் போச்சு. மாலை 4.10க்குத் திருச்சியில் விமானம். வாடகைக் கார் ஏற்பாடு செய்திருந்தவனிடம், “அதைக் கேன்சல் பண்ணுடா, என் வண்டி இப்ப பறக்குது, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று பீற்றிக்கொண்டவன் நான்.

முந்தின நாள் சாயங்காலம்தான் என் ஏழு வருஷத்துப் பழைய காருக்கு ட்யூன் ஏற்றியிருந்தேன். இன்ஜினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் லேப்டாப்பைச் செருகி, பெட்ரோல் அளவையும் தீப்பொறி விழும் நேரத்தையும் மாற்றி எழுதுகிற வேலை. “இனிமே தொண்ணூத்தஞ்சு ஆக்டேன் பெட்ரோல்தான் போடணும் சார்” என்றார் வேலை செய்தவர். அடுத்து இன்னொன்று சொல்ல வந்தார். அதற்குள் நான் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

மன்னார்குடி வரை முப்பத்தெட்டு கிலோமீட்டர். அடடா, என்ன ஓட்டம்! மாசி மாதம், இருபுறமும் பாதி வயல் அறுத்தாயிற்று, பாதி தலைசாய்ந்து நிற்கிறது. வாய்க்கால் ஓரமாகப் பனி இன்னும் விலகவில்லை. லேசாக மிதித்தாலே வண்டி துள்ளியது. ஒரே குறை, வேகத்தடையில் காலை எடுத்தால் இன்ஜின் தடுமாறி இறங்கி அணையப் பார்த்தது. நான் கூடவே மிதித்து மிதித்து உயிர்கொடுத்தேன். அது எனக்குக் கைவந்த கலை. எங்கள் வயலில் இருந்த ஆயில் இன்ஜின் திணறும்போதெல்லாம் அதன் லீவரைக் கையால் தூக்கித் தூக்கி ஓட வைத்து வளர்ந்தவன் நான்.

8.45, முத்துப்பேட்டை. ஜமாலின் உம்மா தட்டில் இடியாப்பத்தை வைத்துக்கொண்டே இருந்தார்கள். “போதும்மா” என்றால், “ஓட்டுறவன் சாப்பிடணும் வாப்பா” என்று இன்னும் இரண்டு. எனக்கு எதிரே ஜமால் ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கிளம்பும்போது பங்க்கில் 95 இல்லை. பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டிருந்ததால் வேறு வழியில்லாமல் சாதா பெட்ரோல் பத்து லிட்டர் போட்டேன், லிட்டர் 102 ரூபாய்.

10.30. ஊரைத் தாண்டியதும் இன்ஜினிலிருந்து ‘டிக்டிக்’ என்று சத்தம், டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி. ரயில்வே கேட்டில் நிறுத்தினேன், வண்டி அணைந்தது. ஸ்டார்ட் செய்தேன், அணைந்தது.

“பறக்குதுன்னியே?” என்றான் ஜமால்.

“பெட்ரோல்டா. சாதாவைப் போட்டதுதான் வினை.”

“வாடகைக் காருக்கு எந்தப் பெட்ரோலும் போடலாம் மாப்ள.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கை மட்டும் மடியிலிருந்த பாஸ்போர்ட்டை விடவில்லை.

11.20. மன்னார்குடிக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர். சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கம் தார்ச்சாலைதான் களம். எவ்வளவு அவசரமானாலும் நெல்மேல் சக்கரத்தை ஏற்ற மாட்டோம். எதிரே அறுவடை மெஷினை ஏற்றிய லாரி மீதிப் பாதியை அடைத்துக்கொண்டு வந்தது. நின்றேன். அணைந்தது. இந்த முறை நாலு தடவை சாவியைத் திருகியும் என் மிதிக்கு மசியவில்லை. ஐந்தாவது தடவை கிளம்பி உறுமியது, காலைத் தளர்த்தியதும் மறுபடி அணைந்தது. ஜமால் போனில் நேரத்தைப் பார்த்தான்.

நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் அருகே வந்தார். முப்பது வயதிருக்கும், தலையில் துண்டு.

“அண்ணே, ட்யூன் பண்ணிருக்கீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எப்படிங்க தெரியும்?”

“சத்தம் சொல்லுதே. மெட்ராஸ் பக்கம் ஒரகடத்துல கார் கம்பெனியில டெஸ்டிங்ல இருக்கேன். அறுப்புக்கு லீவு போட்டு வந்தேன். பேரு மலர்விழி.”

நான் பெட்ரோல் புராணத்தை எடுத்துவிட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அண்ணே, உங்க வண்டிக்கு வியாதி ரெண்டு. ஏத்தத்துல, மிதிக்கிறப்ப டிக்டிக்னு கேக்குது பாருங்க, அதுக்குத்தான் பெட்ரோல் காரணம். ஆக்டேன் கம்மியா இருந்தா அழுத்தத்துல முன்னாடியே பத்திக்கும். மன்னார்குடி போற வரைக்கும் கியரைக் குறைச்சு, அமுக்காம ஓட்டுங்க. நிக்கிறப்ப அணையுறதுக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமே இல்ல. ட்யூன் ஏத்தினதுல பழைய பாடம் அழிஞ்சுபோச்சு. எவ்வளவு காத்து விட்டா நிதானமா நிக்கலாம்னு வண்டி புதுசாக் கத்துக்கணும். நீங்க விட்டாத்தானே!”

“நானா?”

“மிதிச்சுக்கிட்டே இருக்கீங்களே! ஏசியை அணைங்க, லைட்டை அணைங்க. ஸ்டார்ட் பண்ணிட்டுக் காலை மடக்கி உக்காருங்க. பத்து நிமிஷம். அப்புறம் ஏசி போட்டு ஒரு அஞ்சு நிமிஷம்.”

ட்யூன் ஏற்றிய தஞ்சாவூர்க்காரர் சொல்ல வந்த இன்னொன்று இதுதான் போலிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பதினைந்து நிமிடம்! ஜமாலைப் பார்த்தேன். “பதினோரு வருஷ வேலைக்குப் பதினஞ்சு நிமிஷம்தானே, கொடு” என்றான்.

ஓரமாகத் தள்ளி நிறுத்தி ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் இறங்கியது, ஏறியது, சாகப்போகிறவன் மாதிரி நடுங்கியது. மிதிக்கச் சொல்லிக் கால் துடித்தது. சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மலர்விழி நெல்லைக் கிளறப் போய்விட்டார். ஜமால் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். அவரோடு ஒரு வரிசை, அடுத்த வரிசை என்று வெயிலில் காலை இழுத்து நடந்தான். வந்த இந்த ஆறு மாதமும் ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது, நெல்லைத் தொடவே இல்லை என்று பிறகு சொன்னான். ஏழாவது நிமிடத்தில் இன்ஜினின் நடுக்கம் குறைந்தது. பத்தாவதில் இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 750இல் ஆணி அடித்தது மாதிரி நின்றது. ஏசி போட்டபோது ஒருமுறை சுணங்கி, தானே நிமிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் சிரிப்பீர்கள்.

“போய்ட்டு வாங்க” என்று கையை உயர்த்தினார் மலர்விழி. அந்தப் பெண்ணின் காதுக்கும் பொறுமைக்கும் தங்கத்தில் காப்பு செய்து போடலாம்.

12.15, மன்னார்குடி. 95 கிடைத்தது, லிட்டருக்கு ஒன்பது ரூபாய் கூடுதல். தொட்டியில் புதுப் பெட்ரோல் கலக்கக் கலக்க டிக்டிக் தேய்ந்து, தஞ்சாவூர் புறவழிச்சாலையில் காணாமலே போனது. பிறகு வண்டி போன போக்கை எப்படிச் சொல்ல! கல்லணைக் கால்வாய்ப் பாலத்தில் வாடகைக் கார் ஒன்றைத் தாண்டினோம். ஜமால் அதைத் திரும்பிப் பார்த்துக் கும்பிடு போட்டான்.

2.35, திருச்சி விமான நிலையம். கவுன்டர் மூட முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. பெட்டியை இறக்கினோம். கட்டிப்பிடித்தான். “வாப்பாவை வாரத்துக்கு ஒருதடவை போய்ப் பாரு மாப்ள” என்றான். அவன் கால்விரல் இடுக்கில் ஒரு நெல் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடாமலேயே உள்ளே போனான். இனி அவனைப் பார்க்க இரண்டு வருஷம்.

நான் சீட்டில் உட்கார்ந்து அவன் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் கண்ணாடியைத் தட்டினார்.

“சார், இங்க வண்டியை ஆஃப் பண்ணிட்டு நிக்கக் கூடாது. ஸ்டார்ட் பண்ணி எடுங்க.”

“ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு.”

குனிந்து கேட்டார். “அட, சத்தமே இல்லையே! சரி, எடுங்க எடுங்க.”

காலையிலிருந்து அணையக் கூடாது, அணையக் கூடாது என்று கும்பிட்ட வண்டி. இப்போது ஒரே ஒரு தடவை அணைந்து தொலைந்தால்தான் என்ன, இன்னும் ரெண்டு நிமிஷம் இங்கேயே இருந்திருப்பேனே என்று தோன்றியது. முள் 750ஐ விட்டு அசையவில்லை. கியரைப் போட்டேன்.